அக்கா பேசிய கப்பல்

மூத்தவள் வாய்விட்டுப் பேசினால், அந்தப் பேச்சு கேட்கும் தூரம்வரை சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரமெல்லாம் நின்றுவிடும். அவள் வாயை மூடிய பிறகு மறுபடி சுற்றும். இருபது வயதுவரை இது அவளுக்கே தெரியாது. அக்காவும் தங்கையும் சிறுமிகளாகவே நெசவு மில்லில் சேர்ந்தவர்கள். தறிகளின் இரைச்சலில் அங்கே கத்திப் பிரயோஜனமில்லை. எல்லோரும் உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரே நிற்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மில்லுக்கு வருமுன் அவள் பேசி நின்ற வண்டிகளுக்கு மாடுகள்தான் அடி வாங்கின. தாயும் தகப்பனும் போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியதும் அவள்தான்.

ஒருநாள் தங்கையின் பின்னல் தறியின் பெல்ட்டில் சிக்கியது. “ஐயோ, நிறுத்துங்க!” என்று அக்கா அலறினாள். மில் முழுவதும் நின்றது. மானேஜரின் சட்டைப்பைக் கடிகாரமும் நின்றது. தங்கைக்கு ஒரு கொத்து முடியோடு போயிற்று. அக்காவுக்கு வேலை போயிற்று. வேலை போனவளைத் தொழிலாளர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். விடிவதற்குள் போய் இருட்டிய பின் திரும்புகிற பிழைப்பு வேண்டாம், வேலை நேரத்தைக் குறை என்று அவள் மில் வாசலிலும் அச்சகத்திலும் நின்று பேசினாள். பேசி முடிக்கும்வரை முதலாளிகள் நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். ஜனங்கள் அவளுக்குப் ‘பிரேக்கம்மா’ என்று பெயர் வைத்தார்கள். “தாயே, எறங்குற வரைக்கும் வாயத் தெறந்துடாதீங்க” என்று டிராம் கண்டக்டர் அவளைக் கண்டதும் கும்பிடுவார். ஜெயிலுக்குப் போவதும் வருவதும் அவளுக்குக் கடைக்குப் போய் வருவதுபோல ஆயிற்று. தங்கைக்கோ ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வரும். உலகம் எப்படியாவது போகட்டும், அக்கா கண் முன்னால் இருந்தால் போதும் என்பதுதான் அவளுடைய ஒரே கொள்கை.

அதற்கும் வேட்டு வந்தது. மூத்தவள் இனி இந்த நாட்டு மண்ணில் கால் வைக்கக் கூடாது, கப்பலேற்றி அனுப்பு என்று உத்தரவாயிற்று. சக்கரம் நிற்கிற கதையை அதிகாரிகள் நம்பவில்லை, படித்தவர்கள். கப்பல் துறைமுக வாயைத் தாண்டுமுன் அவள் பேச ஆரம்பித்தாள், இயந்திரம் நின்றது. வாயில் துணி கட்டிப் பார்த்தார்கள், முனகலுக்கே நின்றது, அவிழ்த்துவிட்டார்கள். சத்தம் கரைக்குக் கேட்டு ஊர் கூடிவிடுமோ என்று பயந்து அவளைக் கப்பலின் அடிவயிற்றில், கொதிகலன் அறைக்கு அடுத்த சின்ன அறையில் போட்டுப் பூட்டினார்கள்.

தங்கை ஒரு படகை அமர்த்திக்கொண்டு போனாள். துடுப்புக்குச் சக்கரம் கிடையாதே. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்த வட்ட ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. பேச்சை நிறுத்தினால் கப்பல் கிளம்பிவிடும், கிளம்பினால் இந்த ஜென்மத்தில் முகம் பார்க்க முடியாது. ஆகவே அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கூலி, வேலை நேரம் எல்லாம் பேசித் தீர்ந்து, மில்லில் இருமியே செத்தவர்களைப் பற்றிப் பேசினாள். தங்கை சின்ன வயதில் சோப்பைத் தின்றது வரைக்கும் வந்துவிட்டாள். தூக்கம் வந்தால் தன்னையே கிள்ளிக்கொண்டாள். மூன்றாம் நாள் குரல் நூலாகத் தேய்ந்தது. “அக்கா, தண்ணியாவது குடியேன்” என்று தங்கை அழுதாள். அக்காவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ‘வீட்டுக்குப் போ, சாப்பிடு’ என்று தங்கை உதட்டில் படித்தாள். மேலே கப்டன் புறப்பட உத்தரவிட்டார். தங்கை ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கப்பலைப் பிடித்து நிறுத்திவிடுகிறவள் மாதிரி.

கப்பல் அசையவில்லை. கப்டன் கீழே இறங்கிப் பார்த்தார். கரி அள்ளிப் போடுகிறவர்கள் மண்வெட்டிகளைச் சாய்த்துவிட்டுக் கரிக்குவியல்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாளாகச் சக்கரம் நின்றதில் வேலையில்லாமல், சுவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு முழுவதையும் கேட்டிருந்தார்கள்.

“எந்த நேரமும் இந்த நெருப்புல வேக முடியாதுங்க. எங்களுக்கும் நேரத்தக் கொறைங்க” என்றார் அவர்களில் மூத்தவர்.

“அத முடிவு பண்ண எனக்கு அதிகாரம் இல்லப்பா.”

“அப்ப அதிகாரம் உள்ளவங்க வரட்டும். நாங்க உட்கார்ந்திருக்கோம்.”

அதிகாரம் உள்ளவர்கள் வர வருஷங்கள் ஆயின. வந்தபோது கம்பெனியின் எல்லாக் கப்பல்களிலும் நேரம் குறைந்தது. ஜன்னலைத் திறந்தால் இந்தக் கப்பல் கண்ணில் பட்டு உறுத்தியதால் மில் முதலாளிகளும் குறைத்தார்கள். அக்காவுக்குக் குரல் திரும்பிவிட்டதால் கப்பல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கரிக்காரர்கள் அக்காவின் அறைப் பூட்டைத் திறந்துவிட்டு, குடும்பங்களையும் கப்பலுக்கு அழைத்துக்கொண்டார்கள். முனிசிபாலிட்டி அதற்குக் கதவெண் கொடுத்து வரி போட்டது. அக்கா நாட்டு மண்ணில் கால் வைக்காததால் உத்தரவும் மீறப்படவில்லை, எல்லோருக்கும் நிம்மதி.

ஒரு காலையில் தங்கை பெட்டியையும் படுக்கையையும் படகில் ஏற்றினாள். “திரும்பக் கூட்டிப் போக எப்பம்மா வரட்டும்?” என்று படகுக்காரர் கேட்டார்.

“வர வேணாம்ண்ணே” என்று சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அவர் துடுப்பை எடுத்தார். அந்த மாதம் கப்பலுக்குக் குடிபோனவர்களில் அவள் மூன்றாவது ஆள். முதல் ஆளுக்குக் கட்டில், பீரோ எல்லாம் இருந்ததால் படகுக்காரர் நாலு நடை போக வேண்டியிருந்தது.