ஏரிக்கு இந்தப் பக்கம்

மூன்று வாரமாக யஸ்வினி வீட்டுக்கு வரவில்லை. கேட்டால் அசைன்மென்ட் என்பாள். சனிக்கிழமை காலையில் அவளுடைய அம்மா கலாதேவி கோழிப் பிரட்டலை டப்பாவில் அடைத்துக்கொண்டு, மகளிடம் சொல்லாமலேயே பீடோரிலிருந்து அவள் தங்கிப் படிக்கும் ஈப்போவுக்கு பஸ் ஏறினாள்.

பல்கலைக்கழக ஏரிக்கரை கலகலவென்று இருந்தது. மாணவர்கள் சிலர் துணி துவைக்கக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிலர் புல்லில் படுத்துக் கதை பேசினார்கள். வேடிக்கை பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தவள், எதிர்க்கரையில் மகளைக் கண்டாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கூட்டாளிகள் நடுவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று.

கூப்பிட வாய் வரவில்லை. போன் அடித்தாள். யஸ்வினி ஒதுங்கி வந்து எடுத்தாள்.

"சாப்டியா?"

"சாப்டேன்மா. நீங்க வீட்லயா?"

"ஆமாலா."

அந்நேரம் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அதே பாங்கு போனிலும் கேட்கவே, யஸ்வினி சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அம்மாவைக் கண்டதும் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தாள்.

"சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இந்தா, கூட்டாளிங்களோட சாப்டு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அடுத்த வாரம் கண்டிப்பா வாரேன்மா."

யஸ்வினி தயங்கித் தயங்கித்தான் போனாள். பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. கலாதேவி மரத்துக்குப் பின்னால் இருந்த பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். அக்கரையில் டப்பாவைத் திறந்து எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். மகளுக்கு ஒரு வாய் ஊட்டிவிடக் கலாதேவிக்குக் கை பரபரத்தது.