குடைக்காரம்மா எழுதிய பதினோராம் அத்தியாயம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் குடைக்காரம்மா மேல் எனக்கு இருந்த பிரியம் பொய்யில்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவளுக்கு இருபத்தொரு நாள் ஊரெல்லாம் சுற்றிக் காட்டியவள் நான். சுற்றுலா அலுவலகத்தில் பதினான்கு வருடமாக வழிகாட்டி வேலை. அவள் நாட்டு மொழி எங்கள் அலுவலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். நான் ஒருத்தி, இன்னொருவன் மைக்செட். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதே ஆரம்பித்தால் எனக்கு மூச்சு வாங்கும்.

வெயிலோ மழையோ, மஞ்சள் குடையை விரித்துக்கொண்டுதான் நடப்பாள். குடைக்காரம்மா என்பது பேருந்து நிலையத்துக்காரர்கள் வைத்த பெயர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கோட்டையைக் காட்டினால் கோட்டையைப் பார்க்க மாட்டாள், கோட்டைச் சுவரில் துணி காயப்போடுகிறவளைப் பார்ப்பாள். அருங்காட்சியகத்தில் ராஜாவின் வாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாற்காலியில் தூங்கும் காவலாளியைப் பற்றிக் குறிப்பெடுப்பாள். "இவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?" என்று ஒருநாள் கேட்டாள். "மேலதிகாரி வரும்போது" என்றேன். சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டாள்.

வேன் ஓட்டியது என் வீட்டுக்காரர். அதே அலுவலகத்தில் டிரைவர். "புருஷன் ஓட்ட, பொண்டாட்டி பேச, நல்ல கம்பெனிதான்" என்று எல்லோரும் எங்களைக் கிண்டலடிப்பார்கள். அந்த மொழியை அவருக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தேன். காய் நறுக்கிக்கொண்டே நான் ஒரு வாக்கியம் சொல்லுவேன், அவர் திருப்பிச் சொல்லுவார். தப்புத் தப்பாகத்தான் சொல்லுவார், ஆனால் கூச்சப்படாமல் பேசுவார்.

அன்றாட வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்று குடைக்காரம்மா நச்சரித்ததால் மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே அழைத்துப் போனேன். சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கதை கேட்பாள். நானும் வாயைத் திறந்தால் மூடுகிறவள் இல்லையே, என் கதையெல்லாம் கொட்டினேன். மைக்செட் எனக்குச் செய்த துரோகத்தையும் சொன்னேன்.

அதை இங்கேயும் சொல்லித்தான் ஆகவேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால், அவள் நாட்டுக்கே போய் ஒரு வருடம் மொழிப் பயிற்சி எடுக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அலுவலகச் செலவு. திரும்பி வந்தால் பதவி உயர்வு. மகளை என் அம்மா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பெட்டி வாங்கிவிட்டேன், கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன். கிளம்பப் பதினெட்டு நாள் இருக்கும்போது அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. 'இந்தப் பெண்மணி திரும்பி வரமாட்டார். அங்கேயே வேலை தேடித் தங்குவதற்கு ரகசியமாக ஏற்பாடு செய்துவிட்டார். அரசுச் செலவில் குடியேறப் போகிறார். இப்படிக்கு, உண்மை விளம்பி.' டைப் அடித்தது. நான் அங்கே யாருக்கு எப்போது போன் செய்தேன், தங்குமிடத்தில் என்ன கேட்டேன் என்பது வரை தேதியோடு இருந்தது.

என் பெயரை அடித்துவிட்டார்கள். பட்டியலில் இரண்டாவதாக இருந்த மைக்செட் போனான். என் பக்கத்து மேசைக்காரன். ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும் குரல் என்பதால் அந்தப் பெயர். நான் போன் பேசியதை ஒட்டுக்கேட்க அவனை விட்டால் வேறு யார்? போய்வந்து எனக்கு ஒரு மொழி அகராதி வாங்கிக்கொண்டு வந்தான். அவன் கண்ணெதிரே குப்பைக்கூடையில் போட்டேன். என் பெயரை அடித்த நாளிலிருந்தே அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், பேருந்து நிறுத்தத்தில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நாலு பேர் விலக்கிவிட்டார்கள். "என் பொண்டாட்டி வயித்தெரிச்சல் உன்னை சும்மா விடாதுடா" என்று கத்தினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நமக்காகச் சண்டை போட ஒருத்தர் இருக்கிறாரே என்று அன்றைக்கு அவர்மேல் அப்படி ஒரு பெருமை.

குடைக்காரம்மா ஊருக்குப் போய்ப் பத்து மாதம் கழித்து ஒரு புத்தகம் அனுப்பினாள். அவளுடைய பயண அனுபவங்கள். கூடவே ஒரு சீட்டு: 'உன்னைப் பற்றி மூன்று அத்தியாயம் எழுதியிருக்கிறேன். யார் பெயரையும் போடவில்லை, கவலைப்படாதே.'

அதே மாதம் அந்தப் பயிற்சிக்கு மறுபடியும் ஆள் எடுத்தார்கள். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு முப்பத்தொன்பது முடிந்து பத்து மாதம். இதை விட்டால் கிடையாது. சூப்பிரண்டு சார் என்னைக் கூப்பிட்டார்.

"தகுதியில உன்னை அடிச்சுக்க ஆளில்லம்மா. அந்தப் பழைய கடுதாசிதான் இடிக்குது. எழுதினவன் யாருன்னு தெரியல. அதனால பொய்னு சொல்லவும் முடியல, மெய்னு சொல்லவும் முடியல. ஃபைல்ல குந்திக்கிட்டு இருக்கு."

"அதுக்கு நான் என்ன சார் செய்யறது?"

"அந்தம்மா உன்னைப் பத்தி எழுதியிருக்குன்னியே, அந்த மூணு அத்தியாயத்தையும் அப்படியே தமிழ்ல எழுதிக் குடு. தேர்வுக் குழுவுல வைக்கிறேன். வெளிநாட்டுக்காரங்க புகழ்ந்தா நம்மாளுங்க கொஞ்சம் மசிவாங்க. வெள்ளிக்கிழமை கூட்டம்."

உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஒன்பதாம் அத்தியாயம் எழுதும்போது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. 'இந்த ஊரில் யாரிடம் வழி கேட்டாலும் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். தெரியாதவர் அதிக நேரம் வழி சொல்வார்' என்று எழுதியிருந்தாள். பேருந்தில் முன்பின் தெரியாத ஒருத்தி தன் குழந்தையை இவள் மடியில் உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டே தூங்கியதையும், எங்கள் தெருவில் தண்ணீர் வரும் காலையில் யாரும் யாரோடும் சண்டை போடாமல் கத்துவதையும் எழுதியிருந்தாள். பத்தாம் அத்தியாயத்தில் நான் கோட்டையைப் பற்றிச் சொல்லும் விதம். 'அவள் பேசும்போது செத்துப்போன ராஜாக்கள் அவளுடைய மாமன் மச்சான் போலத் தெரிகிறார்கள்.' எழுதும்போது கண் கலங்கிவிட்டது. யாராவது இப்படி நம்மைக் கவனித்திருக்கிறார்களா என்று நினைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் பதினோராம் அத்தியாயத்தைத் திறந்தேன். தலைப்பு, 'ஒரு டிரைவரின் காதல்'. அட, இவர் எப்போது கதாநாயகன் ஆனார் என்று வேடிக்கையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

அதில் வருவது நாங்கள் அருங்காட்சியகம் போன ஒன்பதாம் நாள். படமெடுக்க அனுமதிச் சீட்டு வாங்க நான் உள்ளே போய் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். வேனில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். உன் மனைவி வெளிநாடு போக முடியாததில் உனக்கு வருத்தமா என்று குடைக்காரம்மா பேச்சுக்குக் கேட்டிருக்கிறாள். அவர் அழுதிருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த அரைகுறை மொழியில் அவர் சொன்னதை அவள் அப்படியே போட்டிருந்தாள்.

'நான் கடிதம் எழுதுகிறேன். டைப் கடையில். அவள் போகிறாள், நான் பயப்படுகிறேன். அவள் பெரிய ஆள் ஆகிறாள், நான் டிரைவர். கடிதம் போகிறது. அவள் அழுகிறாள். நான் அவள் கண்ணீரைத் துடைக்கிறேன். அவளிடம் சொல்ல வேண்டாம், அம்மா.'

அடுத்த பத்தியில் குடைக்காரம்மா தன் சொந்தக் கருத்தைச் சேர்த்திருந்தாள். 'எவ்வளவு அழகான குற்றம்! எங்கள் நாட்டில் யாரும் யாரையும் இப்படிப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை.'

பேனா கையிலேயே இருந்தது. மை ஊறித் தாளில் பெரிய புள்ளி விழுந்துவிட்டது. ஒன்பதாம் நாளே அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் என்னோடு சுற்றினாள். என் வீட்டு மேடையில் உட்கார்ந்து, மைக்செட்டை நான் கரித்துக்கொட்டியதையெல்லாம் தலையாட்டிக் கேட்டாள். என் பிழைப்பு அவளுக்கு வேடிக்கை. பெயர் போடவில்லையாம்! இந்த ஊரில் எத்தனை வழிகாட்டிக்கு டிரைவர் புருஷன்?

அவளாவது வந்தவள், போனவள். இதை எட்டு வருடம் மறைத்துக்கொண்டு ஒரே படுக்கையில் படுத்தவனை என்னவென்று சொல்வது? மைக்செட்டின் சட்டையைப் பிடித்து உலுக்கினாரே, அதை நினைத்ததும் தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டேன்.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

மைக்செட்தான். மொத்த அலுவலகமும் திரும்பிப் பார்த்தது.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

எட்டு வருடத்தில் நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. கையிலிருந்த டீயைப் பாதி மேசையில் கொட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. பதினோராம் அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் எழுதி முடித்தேன். மூன்றும் சேர்ந்து முப்பத்தேழு பக்கம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கும் ஷெட்டுக்குப் போனேன். அவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறி உக்காருங்க" என்றேன்.

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல. உங்க சீட்ல உக்காருங்க."

நான் பின்னால், சுற்றுலா வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். பதினோராம் அத்தியாயத்தை எடுத்து, கோட்டைக் கதை சொல்லும் அதே குரலில் வாசித்தேன். டைப் கடை வந்ததும் அவர் கழுத்து விறைத்துக்கொண்டது. கண்ணீரைத் துடைக்கும் வரியில் தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துவிட்டார்.

"அவ எழுதுவான்னு நான் நெனக்கல" என்றார்.

"அதுதான் உங்க கவலையா?"

"தப்புதான். ஒத்துக்கறேன். அன்னிக்கு எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. எத்தனையோ நாள் சொல்லலாம்னு வந்திருக்கேன், வாய் வரல."

"அவகிட்ட மட்டும் எப்படி வந்துச்சு?"

"அவ போயிடுவா இல்ல" என்றார்.

இதைவிட உண்மையாக அவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் துடைக்க வந்துவிடுவாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அவன் சட்டையை எதுக்குங்க பிடிச்சீங்க? நான் சந்தேகப்படக் கூடாதுன்னா?"

அவர் துடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்த ரெண்டு பக்கத்தை மட்டும் விட்டுடேன். யாருக்குத் தெரியப் போகுது? புத்தகம் உன்கிட்டதான் இருக்கு. மேல தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும்டி. போன வருஷம்தான் நிரந்தரம் பண்ணாங்க."

"விட்டுட்டா அந்தக் கடுதாசி ஃபைல்லயே கிடக்கும். எனக்கு இந்தப் பயிற்சியும் போயிடும். மறுபடியும் நான் போகாம உங்க பக்கத்துலயே இருப்பேன். அதுதான வேணும்?"

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்றது? நீங்க எழுதினதை நீங்களே பொய்னு சொன்னாதான் அது பொய். உங்க வாயால சொன்னது இதுல இருக்கு."

இப்போது முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தார். இருபது வருடத்தில் எனக்குத் தெரியாத ஒரு முகமாக இருந்தது. கோபமா பயமா என்று சொல்ல முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. அன்னிக்கு உன்னைப் போகவிட்டிருந்தா, நீ திரும்பி வந்திருப்பியா?"

"என்னங்க கேள்வி இது? ஆறாவது மாசமே அழுது புரண்டு ஓடி வந்திருப்பேன். அங்க போய் எந்தக் கடையில உங்களுக்கு என்ன வாங்கறதுன்னுகூட எழுதி வெச்சிருந்தேன். கண்டிப்பா வந்திருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தத் தடவை போனா வருவேனான்னுதான் எனக்குத் தெரியல" என்றேன்.

வேனை விட்டு இறங்கினேன். முப்பத்தேழு பக்கத்தையும் வரிசை சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, சூப்பிரண்டு அறைக்குப் படியேறினேன்.