ஏழாவது பிரிவு

பல்செட் செய்வது அவள் தொழில். அதனால் தெருவே அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடும். பதினோரு வருஷமாக ஒற்றை அறையில் வாடகைப் பட்டறை. இடத்தின் சொந்தக்காரர் ரிட்டயர்டு சர்வேயர். மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி, ஒருநாள் ஒப்பந்தத்தாளை நீட்டினார்.

"இன்னைக்கு விலைதான். ரெண்டு வருஷத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் நீ வாங்கிக்கலாம்மா."

பல்லக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் நாத்தனாரிடம் சாயங்காலமே தாளைக் காட்டினாள். ஏழாவது பிரிவில் நாத்தனாரின் விரல் நின்றது.

"அண்ணி, இதைப் படிச்சீங்களா?"

"அவர்தான் வாயாலயே சொல்லிட்டாரே."

"வாயைப் பார்க்குறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு! அஞ்சாவது பிரிவு கால் ஆப்ஷன். வாங்குற உரிமை உங்களுக்கு. நீங்க கேட்டா அவர் வித்தே ஆகணும். ஏழாவது புட் ஆப்ஷன். விக்கிற உரிமை அவருக்கு. நாளைக்கே 'எடுத்துக்கோ'ன்னாலும் நீங்க வாங்கியே ஆகணும். ஊர்ல விலை பாதியா இறங்கியிருந்தாலும் இதே விலைக்கு."

பல்லக்கா அந்தப் பிரிவை விரல் வைத்து ரெண்டு தடவை படித்தாள். ஆனாலும் இடத்தை விட மனசில்லை. மறுநாள் காலையில் நேரே சர்வேயர் வீட்டுப் படியேறினாள்.

"சார், ஏழாவது பிரிவு எதுக்கு? என்னை மாட்டிவிடவா?"

அவர் முகம் சுண்டிப்போனது. "ரெண்டு வருஷம் உனக்காகக் காத்திருந்துட்டு, நீ கையை விரிச்சுட்டா? இந்த வயசுல நான் ஆள் தேடி அலையணும். அந்தப் பயம்தாம்மா."

அதைக் கேட்டதும் அவள் கோபம் பாதி இறங்கியது. "எனக்கும் பயம்தான் சார். ரெண்டு பேரு பயத்துக்கும் தாள்ல இடம் விடுவோம்."

நாத்தனார் மாற்றி எழுதினாள். முதல் ரெண்டு வருஷம் வாங்கும் உரிமை மட்டும். அது முடிந்தபின் மூன்றே மாதம் அவருக்கு விற்கும் உரிமை. பேங்க் கடன் தர மறுத்தால் இப்போது அவள் கொடுக்கும் முன்பணம் மட்டும் அவருக்குப் போகும், அதற்குமேல் அவர் எதுவும் கேட்க முடியாது. சர்வேயர் ரெண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டு, மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார்.

முதல் வருஷம் தெருவில் நாலு கடை மூடி, விலை சரிந்தது. பழைய தாளாக இருந்திருந்தால் அன்றைக்கே பழைய விலைக்கு அவள் தலையில் கட்டியிருக்கலாம். அடுத்த வருஷம் பக்கத்தில் பஸ் நிலையம் வந்தது. விலை விறுவிறுவென்று ஏறியது. இருபதாம் மாதம் பேங்க் கடன் கைகூடியது. அன்றைக்கே சர்வேயருக்குக் கடிதம் போட்டாள், 'வாங்கிக்கொள்கிறேன்' என்று.

மூன்று நாள் கழித்து சர்வேயரிடமிருந்து போன் வந்தது.

"புரோக்கர் ஒருத்தன் ஒன்றரை மடங்கு தரேன்னு நிக்கிறான்."

பல்லக்கா கையிலிருந்த பல்செட்டைக் கீழே வைத்தாள். "சார்..."

"நான் போட்ட கையெழுத்தும்மா அது. அவனை அனுப்பிட்டேன். பத்திரம் என்னைக்குன்னு சொல்லு, வரேன்."

பத்திரம் பதிந்த அன்று மத்தியானம், பட்டறைச் சுவரில் டிரில் போட்டு ஒரு புது அலமாரி மாட்டினாள். யாரிடமும் கேட்கவில்லை.