இயந்திரம் தொடாத பாதை

1

இந்தக் கதை ஒரு தீவனக் கடையில் பிறந்தது. [பொய். அங்கே நான் வாசல் பக்கம் நழுவினேன், அவ்வளவுதான்.] நெவாடாவின் கிழக்குப் பாலையில் மூன்று தலைமுறையாக மாடு மேய்க்கும் ஸ்டௌட் குடும்பம் எங்களுடையது. என் தம்பி மகள் டார்லா மாடுகள் நக்கும் உப்புக்கட்டி வாங்கும்போது கடைக்காரர் ராய்ஸ் சிரித்தார்.

"உங்கப்பன் அன்னிக்கு வாயை மூடியிருந்தா, இன்னிக்கு இதை வண்டியில ஏத்திட்டுப் போயிருப்ப. பாவம், உன் கழுதைங்க."

அவள் அப்பா ஆர்டெல் இறந்து நான்கு வருஷம்.

2

முதல் வரைவு: "சட்டம் வருவதற்கு முன் எங்கள் ஊற்றுக்கு ஒரு மணி நேரத்தில் வண்டி போகும்." குற்றம் சட்டத்தின் தலையில் விழுகிறது. எனக்கு வசதி. அடித்துவிட்டேன்.

இரண்டாம் வரைவு: மேய்ச்சல் நிலத்தில் சாலை உண்டா என்று கணக்கெடுக்க வந்த அரசு அதிகாரி எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, ஊற்றுப் பாதையைப் பற்றி விசாரித்தார். எதிரே நானும் ஆர்டெலும் மட்டும். "அந்தப் பாதையில மெஷினே பட்டதில்ல சார். எங்கப்பா கையால வெட்டினது" என்று பெருமையாக—

[சொன்னது யார்? அப்புறம்.]

இயந்திரம் வைத்துப் பராமரித்தால்தான் சாலை, இல்லையேல் வெறும் தடம். அது அவர்கள் விதி. சாலையற்ற நிலம் என்று பதிந்ததைப் பின்னால் வந்த சட்டம் காப்பு வனாந்தரமாக்கியது. மாடு மேயலாம், வண்டி கூடாது. அதிகாரியின் அறிக்கையில், சொன்னவர் "குடும்பத்தார் ஒருவர்" என்று மட்டும் இருந்தது. வாயாடி ஆர்டெல்தான் என்று ஊர் முடிவுகட்டியது.

3

சட்டம் நல்லதா? மந்தை பாதியாகிவிட்டது. ஆனால் ஊற்றோரம் மரங்கள் துளிர்த்திருக்கின்றன, பெருங்கொம்புக் காட்டு ஆடுகள் நீருக்கு வருகின்றன. ஆகவே— [ஆகவே என்ன? தெரியவில்லை.] டார்லாவைக் கேட்டேன்.

"மோட்டார் பைக் ஓட்டறவனுங்க தொல்லை ஒழிஞ்சது நிம்மதி பெரியப்பா. கழுதைமேல மூட்டை தூக்கி வெச்சே என் இடுப்பும் ஒழிஞ்சது. ரெண்டும் நெஜம். அது கிடக்கட்டும், எங்கப்பா வருஷா வருஷம் டிராக்டர்ல பிளேடு கட்டி அந்த ரோட்டைச் சமன் பண்ணாரே! நானே அவர் மடியில உக்காந்து போயிருக்கேன். அவரா மெஷின் படலன்னு சொல்லியிருப்பாரு?"

4

ஆர்டெல் என்ற பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. நான் அப்படிச் சொன்னபோது மேசைக்கடியில் என் காலை மிதித்தான். ஆம், சொன்னது நான். அவன் உழைப்பை ஒரே வாக்கியத்தில் அழித்தேன். பிறகு ஊர் அவனைப் பழித்தபோது அவன் என்னைப் பார்த்தான். நான் தொப்பியைச் சரிசெய்தேன். அவன் மறுக்கவேயில்லை. "குடும்பத்துப் பேரு மூத்தவன் கையில இருக்கு, கெடக் கூடாது" என்றான்.

[இதை அவன் சொல்லவில்லை. அவன் வாயில் நான் வைத்தேன், மறுபடியும்.]

5

முடிவு ஒன்று: மௌனம்.

முடிவு இரண்டு: ராய்ஸ் கடையில் நின்று உண்மையைச் சொல்கிறேன். போன வாரம்வரை அது பாவமன்னிப்பாக இருந்திருக்கும். இப்போது வனாந்தரப் பாதுகாப்புச் சங்கத்தார் ஒரு கடிதமும், பெயர் நிரப்ப ஒரு படிவமும் அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒரு சாட்சியம்தான் நிலத்தைக் காத்ததாம். சொன்னவர் பெயரை எல்லைப் பலகையில் பொறிப்பார்களாம். பழியைச் சுமந்தவன் அவன். புகழுக்கு மட்டும் நான் கை நீட்டவா? அவன் பெயரைக் கொடுத்தாலோ, ஊர் அவன்மேல் போட்ட பழி பலகையிலும் ஏறிவிடும்.

வேலியருகிலிருந்து டார்லா கத்துகிறாள்: "பெரியப்பா, தபால் வண்டி வந்துடுச்சு. பேரு எழுதிட்டீங்களா இல்லையா?"

படிவம் என் முன்னால் இருக்கிறது. நீங்களே எழுதுங்கள். எந்தப் பெயரானாலும் ஸ்டௌட் என்றுதான் முடியும். இத்தனை வருஷமும் எனக்கு அது போதுமாக இருந்தது.