தானாக வேகம் குறையும் மதர்போர்டு

1

முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. எங்கள் துறைமுக ஊரான டெமாவில் என் நண்பர்கள் இருவர், பெற்ற பிள்ளைகளின் கல்யாணத்தைக் கொண்டுபோய் ஒரு பழைய கணினி மதர்போர்டின் தலையில் கட்டினார்கள். எனக்கு அதில் ஒரு வேலை கொடுத்தார்கள். வேலையைச் செய்ய முடியாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"சர்க்கிள் சந்தையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எபோ தன் தொப்பியைக் கழற்றி..." (வேண்டாம். வெயிலில் தொடங்கினால் எங்கள் ஊரில் எந்தக் கதைக்கும் பொருந்தும்.)

"மனிதன் ஏன் பழைய இயந்திரங்களை நேசிக்கிறான் என்ற கேள்வி..." (ஐயோ. எபோ எதையும் நேசிக்கவில்லை. ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற மனுஷன். அவனுக்கு வேண்டியது ஒரு சாட்சி.)

மூன்றாவதைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதுவும் சுமார்தான்.

2

1997. டெமாவில் கம்யூனிட்டி ஒன்று என்கிற பேட்டையில் ஒரு கேம்ஸ் சென்டர், அதில் ஒரே ஒரு கணினி. அந்தக் காலத்துக் கார் பந்தய விளையாட்டில் கணினிக்கு எவ்வளவு வேகமோ காருக்கும் அவ்வளவு வேகம். பெட்டியின் முகப்பில் டர்போ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது தட்டுப்பட்டால் விளையாட்டின் கடிகாரம் உட்பட எல்லாம் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். கார் தள்ளுவண்டியாகும், பச்சைப்பிள்ளைகூட வளைவில் முட்டாமல் ஓட்டிவிடும்.

இறுதிப் போட்டி. எபோ ஓட்டி முடித்தான். அடுத்து ஃபிஃபி. கடைசிச் சுற்றில் கார் திடீரென்று ஊர ஆரம்பித்தது, ஃபிஃபி சாவகாசமாக எல்லா வளைவையும் கடந்து ஜெயித்தான்.

"முட்டியால பொத்தானத் தட்டிட்டான், திருட்டுப்பய," என்றான் எபோ, சென்டரே கேட்கிற மாதிரி.

"மெஷின் சூடாகி தானா குறைஞ்சுதுடா," என்றான் ஃபிஃபி.

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. இருபத்தேழு வருஷமாக ஒரே சர்ச்சில் ஆளுக்கொரு கோடியில் உட்காருகிறார்கள். மனைவிமார் குழம்புச்சட்டி மாற்றிக்கொள்வார்கள். இவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். இப்போது எபோவின் மகன் கொபினா, ஃபிஃபியின் மகள் ஆராபாவைக் கட்ட வேண்டும் என்கிறான். முறைப்படி பையன் வீட்டார் மது பாட்டிலோடு போய்ப் பெண் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஃபிஃபி சொல்லியனுப்பினான்:

"திருடன் வீட்ல எதுக்குப் பொண்ணு கேக்குறாராம்? அதே மாதிரி மெஷின் ஒண்ணு பண்ணி எடுத்துட்டு வரச் சொல்லு. போர்டை அவரே பாத்து எடுக்கட்டும். சனிக்கிழமை காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் எங்க ஹால்ல ஓடட்டும். ஒரு தடவை தானா குறைஞ்சாலும் அவர் அந்த வார்த்தையத் திருப்பி எடுத்துக்கணும். குறையலேன்னா பாட்டிலத் திருப்பி எடுத்துக்கட்டும்."

ஆராபா அப்பாவிடம் கேட்டாளாம்: "உங்களுக்கு வயசு அம்பத்தொண்ணா, அஞ்சாப்பா?" அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிரிக்கிற இடம் மட்டும் இல்லை இது.

3

கதவு தட்டும் சடங்கில் அப்பாக்கள் நேருக்கு நேர் பேசக் கூடாது. நடுவில் ஒருவர் தூது பேசுவார். பிறத்தியார் வார்த்தையை மட்டும் சுமக்கலாம். சொந்த வார்த்தை ஒன்று வாயிலிருந்து வரக் கூடாது. இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் நான் என்பதால் அந்த வேலை எனக்கு. எனக்கு அது ரொம்ப சௌகரியம்.*

*அடிக்குறிப்பைக் கீழே போட்டால் நீங்கள் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள். அப்படித் தாண்ட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். சரி, இங்கேயே இருக்கட்டும். அன்று ஃபிஃபியின் பக்கத்தில், பெட்டியை ஒட்டிக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவன் நான். பொத்தானில் பட்டது என் முட்டி. தெரியாமல்தான் பட்டது. அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். எபோ போட்ட கத்தலில் வாய் ஒட்டிக்கொண்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

4

இப்போது கதாபாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். எபோ மூன்று வாரமாக சர்க்கிளில் டேடேயின் கடைக்குப் போகிறான். பழைய கணினிகளைப் பிரித்து விற்கிறவள் டேடே. வாய் கொஞ்சம் நீளம். அவள் எடுத்துக் கொடுக்கும் மதர்போர்டுக்கெல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொல்கிறான். சவுண்டு கார்டு செருக இடமில்லை. இதில் டர்போ கம்பியே இல்லை. இது ரொம்பப் புதுசு.

"அண்ணே, உங்க பையனுக்குப் பொண்ணு பாத்தப்பகூட இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டீங்க," என்றாள்.

"பொண்ண அவனே பாத்துக்கிட்டான். போர்டுதான் என் பொறுப்பு."

"எதுக்குத்தான் இது? விளையாடவா?"

"மன்னிப்பு கேக்குறதுக்கு."

"அதுக்கு வாய் போதாதா?"

எபோ அடுத்த போர்டைக் காட்டச் சொன்னான்.

நான் என்ன நினைத்தேன் என்றால், மன்னிப்பு என்றது சும்மா பேச்சு, பயல் திடமான போர்டாகத் தேடுகிறான். இருபத்தேழு நாள் ஓடினாலும் வேகம் குறையாத மாதிரி ஒன்று. சனிக்கிழமை ஃபிஃபியின் மூக்கை உடைக்கப்போகிறான். அப்படியே எழுதவும் எழுதினேன்: "எபோவின் உதட்டோரம் வஞ்சகமாக ஒரு..." (அடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.)

5

போன செவ்வாய்க்கிழமை டேடே இரண்டை எடுத்துவைத்தாள். ஒன்று பளிச்சென்று இருந்தது. மற்றது சென்டரில் இருந்த அதே ரகம். அதில் பாட்டரி கசிந்து, டர்போ கம்பிகளின் மேல் பச்சையாகப் படிந்திருந்தது.

"சுத்தமானத எடுங்கண்ணே. இந்தப் பச்சை புடிச்சது தறுதலை. சூடானா அதுவா குறையும், அதுவா கூடும். உருக்குறவங்ககிட்டப் போடலாம்னு வெச்சிருந்தேன்."

எபோ சுத்தமானதைத் தொடக்கூட இல்லை.

"நிச்சயமா குறையுமா?"

"காலையிலே ரெண்டு தடவை குறைஞ்சுது."

"ஃபிஃபி வீட்ல ஃபேன் போட்டிருந்தாலும் குறையுமா?"

டேடே என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்து, பொரித்த மீனும் கென்கே என்கிற புளித்த சோளமாவு உருண்டையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். போர்டை மடியில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தான்.

"சும்மா போயி தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல மச்சான். மெஷின் மொதல்ல சொல்லட்டும். பின்னாடியே நான் சொல்லிடுறேன்."

"அப்ப அவன் தட்டலேன்னு நம்புறியா?"

"தட்டினானோ இல்லையோ, யாருக்கு வேணும்? அவன்கூட உக்காந்து மீன் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு." மீனைப் பிட்டு என் பக்கம் பெரிய துண்டாகத் தள்ளினான். "நீ ஒருத்தன்தான் ரெண்டு பக்கமும் இருந்த. நீ இல்லேன்னா நாங்க என்னிக்கோ அத்துப் போயிருப்போம்."

அந்தத் துண்டை நான் எப்படி விழுங்கினேன் என்று எழுதப் பார்த்தேன். எழுத வரவில்லை.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

(அ) சனிக்கிழமை போர்டு சூடாகிறது, கார் ஊர்கிறது, எபோ மன்னிப்புக் கேட்கிறான், பாட்டிலைத் திறக்கிறார்கள், ஆராபா சாப்பிடுகிறாள். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு குறையும் இல்லை. கேட்டது சரியான மன்னிப்பு, கேட்டது தவறான ஆள்.

(ஆ) அந்தத் தறுதலை அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக ஓடிவிடுகிறது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நாங்கள் திரும்பி நடக்கிறோம்.

(இ) நான் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் எப்படியும் நடந்துவிடும். அவர்கள் இருவரும் சேர்ந்துகொண்டு என்னோடு பேசாமல் இருக்கலாம். அதுதான் நியாயமும். ஆனால் எங்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கோபம் ஆறி ராசியாக இன்னொரு இருபத்தேழு வருஷம் எங்கள் மூவரிடமும் இல்லை.

சனிக்கிழமைக்கு நான் பேச வேண்டியதை எழுதி வைத்துவிட்டேன். மொத்தம் மூன்று வாக்கியம். முதலிரண்டும் எபோ சொல்லச் சொன்னவை: "உங்கள் தோட்டத்தில் ஒரு பூ பார்த்தோம், பறிக்க அனுமதி கேட்டு வந்திருக்கிறோம். எங்கள் வீட்டார் முன்பு சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள்."

மூன்றாவது யாரும் சொல்லச் சொல்லாதது: "ஃபிஃபி, அது என் முட்டி."

தூது பேசுகிறவன் சொந்த வார்த்தை பேசக் கூடாது என்பது சடங்கு. நான் அதை மீறுவதா வேண்டாமா என்று இந்தக் கதையில் எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கு வசதியானதைத்தான் எழுதுவேன். மூன்று பேரில் யாரையும் உங்களுக்குத் தெரியாது, யாரிடமும் உங்களுக்கு பயமில்லை. அந்த மூன்றாவது வாக்கியத்தை அடிப்பதோ அப்படியே விடுவதோ உங்கள் பாடு. இன்று வெள்ளிக்கிழமை.