ஒரு விரற்கடை உயரம்

கடுகு அசையாமல் நின்றது. லாயத்தின் முன்னாலிருந்த சிமென்ட் தரையில் அதை நிறுத்தி, துர்காதேவி அளவுகோலின் குறுக்குக் கட்டையை மெதுவாக இறக்கினாள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் கட்டை பட்டது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே, அரை விரற்கடை.

"இன்னா மேடம், டெய்லி அளந்தா வளந்துடுமா அது?" என்றார் கண்ணாயிரம். லாயத்தைப் பார்த்துக்கொள்பவர். "கொழந்தையா, கதவாண்ட நிக்க வெச்சி கோடு போட?"

"தரை சரியில்லையோன்னு பாத்தேன்."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க."

சிவப்புக் கோடு நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டரில் இருந்தது. அதற்கு மேல் என்றால் குதிரை. கோட்டிலோ கீழேயோ என்றால் மட்டக்குதிரை. மட்டக்குதிரைகளுக்கு டிரெஸாஜ் என்ற சவாரிப் போட்டியில் தனிப் பிரிவு உண்டு. அதில் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள்தான் ஏறலாம். பெரியவர்களுக்கான மேல்நிலைப் பிரிவில் மட்டக்குதிரை கூடாது. இதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த ஆண்டு, 2003இல், எல்லாவற்றையும் அளக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

டிரெஸாஜில் ஓடுவது, தாண்டுவது எதுவும் இல்லை. தாழ்ந்த வெள்ளை வேலிக்குள் குதிரை நடக்க வேண்டும். பக்கவாட்டில் கால் குறுக்கிட்டுச் செல்ல வேண்டும். நின்ற இடத்திலேயே தாளத்துக்குக் காலெடுத்து வைக்க வேண்டும். மேலே இருப்பவர் எதையும் செய்வதாகத் தெரியக் கூடாது. ஒரு முழங்காலின் அழுத்தம், ஒரு மூச்சு. அவ்வளவுதான். கடுகு இதையெல்லாம் ஆறு வருடத்தில் கற்றது. அதற்கு முன் அது மாமல்லபுரம் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அலையோரம் போய் வந்தது.

துர்காதேவி கல்பாக்கத்தில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தாள். நாற்பத்திரண்டு வயது. விடியுமுன் ஸ்கூட்டரில் தேவனேரிப் பண்ணைக்கு வந்து ஏறிவிட்டு, திரும்பிப் போய் ஸ்டாஃப் பஸ் பிடிப்பாள். பஸ்ஸில் யாரும் அவளருகே உடனே உட்கார்ந்துவிட மாட்டார்கள். குதிரை வாடை.

"கவலைப்படாதீங்க மேடம்" என்றார் ஆனந்தன். பண்ணையில் சவாரி கற்றுக்கொடுப்பவர். "மட்டம்னு வந்தா பாப்பா பேரைக் குடுத்துடலாம். ரெண்டு வருஷமா ஏறுறாளே. எல்லா நடையும் அவளுக்கும் வரும். கடுகு எப்படியும் ஜெயிக்கும்."

துர்காதேவியின் மகள் ஸ்வாதி வேலியில் உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயது. போன வாரம் வெள்ளைக் கையுறை ஒன்று வாங்கித் தரச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று துர்காதேவி கேட்கவில்லை.

போன ஆண்டு போட்டிக்குப் போனபோது, பயிற்சி மைதானத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த உயரமான குதிரைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே கடுகின் மேல் துர்காதேவி. ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "அந்தம்மா குதிரையில வரலை. குதிரையைக் கால்ல மாட்டிக்கிட்டு வருது." எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது ஸ்வாதியும் சிரித்தாள். துர்காதேவியும் சிரித்தாள். பிறகு குளியலறையில் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோப்புக்குச் சுற்றுலா பஸ் ஒன்று வந்தது. அவள் அப்போதும் அளந்துகொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் ஒரு குழந்தை பலூனை உரசியது. கிரீச்சென்ற சத்தம்.

கடுகின் தலை எழுந்தது. நான்கு கால்களும் தரையில் அப்படியே இருந்தன. உடம்பு மட்டும் இறுகி மேலே வந்தது. குறுக்குக் கட்டை அதோடு சேர்ந்து ஏறியது. அடுத்த கணம் அது தலையைத் திருப்பி அவள் அக்குளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது. கட்டை ஏறிய இடத்திலேயே நின்றிருந்தது.

அவள் கட்டையைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டுக்கு மேலே, அரை விரற்கடை.

கடற்கரையில் கடுகைப் பலூன் சுடும் கடைக்குப் பக்கத்தில்தான் கட்டியிருந்தார்கள். ஒருநாள் யாரோ குறி தவறிச் சுட்டது அதன் தொடையில் பட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. பண்ணைக்கு வந்த புதிதில், பலூனை ஊதிக் கட்டும் ரப்பர் சத்தம் கேட்டாலே அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். ஒரு கோடை முழுக்க துர்காதேவி அதோடு உட்கார்ந்தாள். ஒரு கையில் பலூன், ஒரு கையில் வெல்லம். ஸ்வாதி தூரத்தில் நின்று ஊதுவாள். பயம் போகவில்லை. ஆனால் பயம் வந்தால் எங்கே போவது என்று கடுகு கற்றுக்கொண்டது. ஓடாது. அவளிடம் வரும். அக்குளுக்குள் தலையை வைத்துக்கொண்டு நடுங்கி அடங்கும்.

அவள் அன்று அளவுகோலைத் துடைத்து உறையில் போட்டாள். மறுபடி அளக்கவில்லை.

"முடிஞ்சுதா மேடம் ஆராய்ச்சி?" என்றார் கண்ணாயிரம்.

"முடிஞ்சது."

போட்டி செங்கல்பட்டுக்கு வெளியே, ஏரியைத் தாண்டி ஒரு மைதானத்தில். சனிக்கிழமை அளப்பு, ஞாயிறு போட்டி. அளக்கும் இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். வெயில் தகரத்தில் இறங்கியது. வரிசை நீளமாக இருந்தது. கால்நடை மருத்துவர் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

கடுகின் முறை வந்தது. லாடம் முதல்நாளே கழற்றியிருந்தார்கள். துர்காதேவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடுகு பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தியது. கண்ணாயிரமும் ஸ்வாதியும் கயிற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஸ்வாதியின் சட்டைப்பையில் வெள்ளைக் கையுறையின் விரல்கள் தெரிந்தன.

துர்காதேவியின் வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. உள்ளே அரையளவு ஊதிக் கட்டிய பலூன்.

மருத்துவர் குறுக்குக் கட்டையைத் தூக்கிப் பிடித்தார். அவள் கட்டைவிரலால் ஒருமுறை உரசினாள்.

கடுகின் காதுகள் திரும்பின. தலை எழுந்தது. பிறகு அது கற்றுக்கொண்டபடி அவளிடம் வந்தது, மூக்கை நீட்டிக்கொண்டு. அவள் ஓரடி பின்வாங்கினாள். கயிறு தளர்ந்தது. கடுகுக்குப் போக இடம் இல்லை. நின்ற இடத்திலேயே இறுகியது. அவள் இன்னொரு முறை உரசினாள்.

கட்டை மேட்டில் பட்டது.

"தலையைத் தூக்கிக்கிட்டிருக்கே சார்" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர்.

மருத்துவர் கொஞ்சம் காத்திருந்தார். வரிசையைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார்.

"எப்பவும் இப்படித்தான் நிக்குமாம்மா?"

அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அவள் முதல்நாள் சொல்வது ஒன்று உண்டு. முள் ஆடி அடங்கும்வரை எண்ணைப் படிக்காதே. அவசரமென்றாலும் படிக்காதே.

"எப்பவும் இப்படித்தான்" என்றாள்.

"குதிரை" என்றார் மருத்துவர். எழுதுபவர் எழுதினார்.

கொட்டகைக்கு வெளியே கண்ணாயிரம் குதித்தார். "ப்ரமோஷன் ஆயிடுச்சிடா கடுகு! இன்னிக்குதான் குதிரையாகீது. அண்ணாத்த, பாத்துக்கோ, நாளிக்கு நெட்டைங்கள்லாம் பேஜாராவப் போவுது!" அவர் கடுகின் கழுத்தில் தட்டினார். அது வேர்த்திருந்தது. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "இன்னாத்துக்குடா இப்டி நடுங்குற?"

ஸ்வாதி பக்கத்தில் வந்தாள்.

"சத்தம் கேட்டுச்சும்மா."

"என்ன சத்தம்?"

ஸ்வாதி அவளைப் பார்த்தாள். அந்தக் கோடையில் தூரத்தில் நின்று பலூன் ஊதியவள் அவள்தான். "ஒண்ணுமில்லை" என்றாள். கையுறையை வெளியே எடுத்து, மடித்து, அம்மாவின் கைப்பையில் வைத்தாள். "உன்னோடது அழுக்காயிருந்தா இதைப் போட்டுக்கோ."

மறுநாள் காலை துர்காதேவி நீண்ட கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்தாள். சேணம் கட்டும்போது கடுகு மறுக்கவில்லை. ஏறும்போதும் மறுக்கவில்லை. பயிற்சி மைதானத்தில் கேட்டதையெல்லாம் செய்தது. நேற்று எதுவும் நடக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு மிருகம் எத்தனை நேரம் ஒன்றை நினைவில் வைத்திருக்கும்?

மணி அடித்தது. வேலியின் வாய் வழியே உள்ளே போனார்கள். நடுவில் நின்றார்கள். முதலில் நடுவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். கடிவாளத்தை இடது கையில் சேர்த்துப் பிடித்து, வலது கையைத் தொடையோரம் நேராகத் தொங்கவிட்டு, தலை தாழ்த்த வேண்டும்.

அவள் வலது கையைக் கீழே விட்டாள்.

சேணம் அவளை மேலே தூக்கியது. கோட்டுப் பையில் ஒன்றும் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. கை நேற்றுப் போலப் பைப் பக்கம் போனது, அவ்வளவுதான். கடுகின் கழுத்து எழுந்து இறுகி நின்றது. அவள் தொடைகளுக்குக் கீழே அதன் உடம்பு முழுக்க ஒரு மெல்லிய அதிர்வு ஓடியது, பஸ் நிற்கும்போது இருக்கையில் தெரிவது போல.

பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. முன்பு எப்போதையும்விட நன்றாக. பக்கநடையில் கால்கள் உயர உயர எழுந்தன. நின்ற இடத்தில் தாளமிட்டபோது தரை சுடுவது போலக் கால்களை எடுத்தது. வேலிக்கு வெளியே பேச்சு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அவள் மூச்சை அடக்கிக் கேட்பதற்கு முன்பே கடுகு செய்தது. அவள் கை எங்கே போகிறது என்று ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியபடியே இருந்தது.

கடைசியில் மறுபடி நடுவில் வந்து நின்றார்கள். மறுபடி வணக்கம். அவள் இடது கையில் கடிவாளத்தைச் சேர்த்தாள். வலது கையை மடியிலேயே வைத்திருந்தாள். நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். வணக்கம் சொல்லாமல் முடியாது.

கையை விட்டாள். கடுகு எழுந்தது.

கைதட்டல் எழுந்தது. வெளியே வரும்போது, போன ஆண்டு கால்ல மாட்டிக்கிட்டு வருது என்று சொன்னவர் எழுந்து வந்தார். அவரே பேசினார். "மேடம், பிரமாதம். அந்த நிமிர்வு! சல்யூட் அடிச்சப்ப அதுவும் சேர்ந்து அடிச்சாப்ல இருந்துச்சு. சின்னக் குதிரைன்னு இனிமே எவன் சொல்வான்?"

"தேங்க்ஸ்" என்றாள்.

மரத்தடியில் இறங்கினாள். கடுகின் கழுத்தைத் தட்டக் கையை நீட்டினாள். அதன் தோல் ஈ உட்கார்ந்தது போலச் சுருங்கியது. வெல்லத்தை நீட்டினாள். மூக்கைத் திருப்பிக்கொண்டது.

கண்ணாயிரம் கடிவாளத்தை வாங்கிக்கொண்டார். அவர் இப்போது குதிக்கவில்லை. அவளைப் பார்க்காமல் வார்களைத் தளர்த்தினார்.

"கோச்சுக்காதீங்க மேடம். நீங்க கொஞ்சம் அப்பால போயி நில்லுங்க. அது எறங்கட்டும்."

அவர் எதைத் தெரிந்துகொண்டு சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் வண்டிவரை போய் நின்றாள். ஸ்வாதி வந்து கடுகின் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் நின்றாள். முதலில் காதுகள் இறங்கின. பிறகு கழுத்து. கடைசியாக அந்த மேடு. எவ்வளவு இறங்கியது என்று தெரிந்துகொள்ள துர்காதேவிக்கு அளவுகோல் தேவைப்படவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. மேல்நிலைப் பிரிவில் இரண்டாம் இடம், துர்காதேவி. குதிரையின் பெயர் கடுகு. பரிசு வாங்குபவர்கள் குதிரைமேல் ஏறி வர வேண்டும்.

"மேடம், உங்களைத்தான் கூப்புடுறாங்க" என்று ஆனந்தன் ஓடி வந்தார். "ஏறுங்க, ஏறுங்க!"

"ஸ்வாதி ஏறிப் போகட்டுமே."

"அது எப்படிங்க? ஓட்டினது நீங்க."

ஸ்வாதி கடுகின் கழுத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு விலகி நின்றாள். ஒலிபெருக்கி துர்காதேவியின் பெயரை இன்னொரு முறை சொன்னது. கூட்டத்தில் சிலர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. அவள் தொப்பியைத் தலையில் வைத்தாள். கையுறையைச் சரிசெய்தாள். நடந்தாள்.

பாதி தூரத்திலேயே கடுகின் தலை எழுந்தது.