அறுபத்தொரு தள்ளுபடி

எங்களோடு மூட்டை தூக்கிய நெட்டையன், சங்க நிதிக்கு வைத்துவிட்டுப் போன பாக்கி சரியாக முப்பத்தெட்டாயிரத்து நானூற்று முப்பது. மனைவியின் அறுவைச் சிகிச்சைக்கு வாங்கியது. அவள் பிழைத்து எழுந்து நடமாடினாள். கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து அவன் போய்ச் சேர்ந்தான்.

சங்கத்தையும் நிதியையும் நடத்துவது எங்கள் கட்சி. கிடங்குக் கிளையில் நாங்கள் எழுபது பேர் உறுப்பினர்கள். கடன் வாங்கியவர் இறந்தால் குடும்பம் கட்ட வேண்டும் என்பது விதி. அதே கிடங்கைக் கூட்டிப் பெருக்குகிறவள் அவன் மனைவி. அவள் சம்பளத்தில் மாதாமாதம் பாதியைப் பிடிக்கப் போவதாகக் கடிதம் வந்தது. இரண்டு பிள்ளைகள். மீதிப் பாதி வாடகைக்கே சரியாகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் கட்சி, கைபேசியில் 'உறுப்பினர் அரங்கம்' என்று ஒன்றைத் திறந்தது. இனிக் கொள்கையை மேலே இருப்பவர்கள் மட்டும் முடிவு செய்ய மாட்டார்கள். எந்த உறுப்பினரும் முன்மொழியலாம். கிளை விஷயத்தைக் கிளையே வாக்களித்து முடித்துக்கொள்ளலாம். எனக்கு எழுத்து வந்ததே நாற்பத்து நான்கு வயதில். ஒற்றை விரலால் தட்டித் தட்டி இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன்: 'வேலையில் இறந்தவரின் கடனைக் குடும்பத்திடம் வசூலிக்கக் கூடாது. நிதியே ஏற்க வேண்டும்.' தலைப்பு கேட்டது. 'இறந்தவரின் நிதிக் கடன்' என்று போட்டேன்.

வாக்களிக்கும் நாளில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கைபேசியை நீட்டிக்கொண்டு என்னைச் சுற்றி நின்றார்கள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. திரையில் என் தலைப்பு. அதன் கீழே பச்சையில் 'ஏற்பு', சிவப்பில் 'தள்ளுபடி'.

"ஏம்ப்பா, இதுல எதை அமுக்கணும்?" என்றான் வாயாடி. எனக்கு ஜோடியாக மூட்டை தூக்குகிறவன்.

"செத்தவன் கடனை ஏத்துக்கிறியா, தள்ளுபடி பண்றியான்னு கேக்குது. இதுல என்ன சந்தேகம்?"

"அதானே! துணிக்கடை வாசல்லயே நமக்குப் பிடிச்ச ஒரே வார்த்தை அதுதான். அமுக்குங்கடா சிவப்ப. நம்ம கொடி நிறம் வேற."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. தள்ளுபடி அறுபத்தொன்று, ஏற்பு ஒன்பது. கீழே ஒரு வரி. மூட்டை மேல் ஏறி நின்று சத்தமாகப் படித்தேன்: "தள்ளுபடி செய்யப்பட்டது!" கிடங்கே அதிர்ந்தது. நானே ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கே கடைக்காரரிடம் சம்பளத்தன்று தருவதாகச் சொல்லிப் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கினாள்.

அந்த ஒன்பது பேர் யாரென்று பெயரோடு போட்டிருந்தது. எல்லாரும் அலுவலகத்துக்காரர்கள். முதல் பெயர் நிதிக் கணக்கர். சிரித்தே பார்த்ததில்லை என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கல்லுமூஞ்சி. வாயாடி நேராக அவர் ஜன்னலுக்கே போய்விட்டான்.

"ஏன் சார், செத்தவன்கிட்டயும் வசூல் பண்ணித்தான் ஆகணுமா? தின்ற சோறு செரிக்குதா உங்களுக்கு?"

அவர் பேனாவை மூடிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நானும் இரண்டு வாரம் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை.

சம்பள நாள். அவள் உறையைப் பிரித்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பாதிதான் இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

"சார், இது தள்ளுபடி ஆன கடன். எப்படிப் பிடிச்சீங்க?"

"தள்ளுபடி ஆனது கடன் இல்லப்பா. நீ எழுதுன முன்மொழிவு."

எனக்கு விளங்கவில்லை. அவர் திரையை என் பக்கம் திருப்பி, அந்த வரியின் கீழ் பேனாவை வைத்தார். அன்று நான் முழுதாகப் படிக்காமல் விட்ட வரி. 'முன்மொழிவு தள்ளுபடி செய்யப்பட்டது.'

"கோர்ட்ல மனு தள்ளுபடின்னு சொல்வாங்களே, கேட்டிருக்கியா? வேண்டாம்னு தூக்கிப் போடுறது. அந்தத் தள்ளுபடி."

கண்ணெதிரே அந்த எழுத்துகள் இருந்தன, ஒவ்வொன்றாகத் தெரிந்தன, சேர்ந்து அவை சொன்னதுதான் வேறாக இருந்தது.

"அண்ணே," என்றாள் அவள். "அப்ப அறுபத்தொரு பேரும் எனக்கு எதிராவா போட்டீங்க?"

"இல்ல தங்கச்சி, கடனைத் தள்ளுபடி பண்றதா நினைச்சு அமுக்கிட்டோம்."

"நானும் அப்படித்தான்மா நினைச்சேன்," என்றார் கணக்கர். "ஏதோ சண்டை, எல்லாருமாச் சேர்ந்து உன்னைக் கைவிட்டுட்டாங்கன்னு. உனக்காகப் போட்டது நாங்க ஒன்பது பேர்தான்."

"அப்ப வாயாடி வந்து கத்துனப்ப?" என்றேன்.

"குடிச்சிருக்கான்னு நினைச்சேன்."

"மறுபடி ஓட்டு வைக்க முடியாதா சார்?"

"தள்ளுபடி ஆனதை ஒரு வருஷத்துக்குக் கொண்டுவரக் கூடாது. அதுவும் அரங்கம் திறந்த முதல் வாரம் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு வந்த விதிதான்."

"எந்த மடையன் போட்டான்?"

அவர் விரலால் திரையைத் தள்ளித் தள்ளித் தேடினார். நிறுத்தினார். "இந்தா. மூணாவது பேரு உன்னோடது."

கிடங்கில் போய்ச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. கைபேசியை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள், படிக்கத் தெரியாதவர்களும். வாயாடி வேலைச் சங்கு ஊதும்வரை மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு, "நான் அமுக்குனதுக்கு நான் கட்டுறேன்," என்றான். கடனை அறுபத்தொரு பேருக்கு வகுத்தோம்; ஆளுக்கு அறுநூற்று முப்பது வந்தது.

பதினான்கு பேர் தர மறுத்தார்கள். "நீ காட்டுனதைத்தானே அமுக்கினோம்," என்றார்கள். அது நியாயம்தான். அவர்கள் பங்கை நான் எடுத்துக்கொண்டு மூன்று மாதம் விடுமுறை நாளிலும் லாரி ஏற்றினேன். அவளிடம் பிடித்த பாதியை முதல் வாரமே கையில் கொடுத்துவிட்டோம். வாங்கிக்கொண்டாள், செருப்புக் கடைக்காரருக்குப் போனது.

கணக்கரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "பின்னால ஆள் நிக்குது. பணத்தைக் குடு," என்றார்.

கடைசித் தவணை கட்டிய அன்று அவளும் வந்தாள். கணக்கர் முத்திரை குத்தி ரசீதைத் தள்ளினார். இந்த முறை எழுத்துக் கூட்டி, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். பாக்கி இல்லை. கணக்கு முடிந்தது.

"யாரு பேருல போட்டிருக்கு?" என்றாள்.

"அவன் பேருலதான். அவன் கணக்குத்தானே."

"அப்படியே இருக்கட்டும். அவரு யாருக்கும் பாக்கி வைக்கிற ஆள் இல்ல," என்று சொல்லி ரசீதை வாங்கிக்கொண்டாள்.